சிறுத்தைக்கு விலை உண்டு... லயத்துக்கு?

2020 மே 26. கொரோனா ஊரடங்கில் நாடு முடங்கிக் கிடந்த நேரம். சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், நல்லதண்ணி லக்சபான தோட்டத்தின் மரக்கறிப் பாத்தி ஒன்றில், கம்பிச் சுருக்கு கழுத்தை இறுக்க ஒரு கருஞ்சிறுத்தை துடித்துக்கொண்டிருந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தினர் வந்து மயக்க ஊசி போட்டு, கம்பியை அறுத்து, உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள், மே 29ஆம் திகதி, அது செத்துப்போனது.

இலங்கையில் கருஞ்சிறுத்தை என்பது பலர் கதையாக மட்டுமே கேட்டிருந்த விலங்கு. 2019இல்தான் திணைக்களத்தின் தானியங்கிக் கமராவில் அது உயிரோடு நடமாடும் காட்சி பதிவாகியிருந்தது. அப்படிப்பட்ட ஒன்று பன்றிக்கு வைத்த கம்பியில் மாட்டிச் செத்ததும் கொழும்பு கொதித்தது. பத்திரிகைகளும் முகநூலும் குற்றவாளியைத் தேடின. தேடியவர்களின் கண் போன இடம், வழக்கம்போல, தோட்டத் தொழிலாளர் வாழும் லயம்.

நியாயமான கோபம்தான். ஆனால் மலையகத்தில் காட்டு விலங்கைக் கொன்றவர்களின் பட்டியலைப் போட்டால், பாத்தி ஓரத்தில் கம்பி கட்டியவன் அதன் கடைசி வரியில்தான் வருவான். முதல் வரியில் இருப்பவருக்கு நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது.

ஆயிரத்து நானூறு யானை

நுவரெலியா கோல்ப் மைதானத்தை ஒட்டிய பழைய மயானத்தில் கிடப்பவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையில் அரசாங்க உதவி அதிபராக இருந்தவர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவர் காலத்திலேயே பேர் வாங்கியவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லுவார்கள். கேட்கிறவர்களுக்கு அந்தக் கதையில் ஒரு திருப்தி கிடைக்கிறது.

ரொஜர்ஸ் தனி ஆள் இல்லை. கப்டன் கோல்வே அவரில் பாதிக்கு மேல் சுட்டவர். இலங்கையின் வீதிகளை அமைத்த மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அதே கணக்கு. இத்தனை யானையையும் எதற்காகக் கொன்றார்கள்? தந்தத்துக்காக என்று சொல்ல வழியில்லை. இலங்கையின் ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. யானை இறைச்சியைத் துரைமார் தின்னவும் இல்லை. பயிரைக் காப்பது என்ற காரணம் அரசாங்க ஏட்டில் இருந்தது. சுட்டவர்கள் எழுதிவைத்த புத்தகங்களில் இருப்பதோ வேறு: விடியற்காலைப் பனி, நாய்களின் குரைப்பு, எதிரே வரும் யானையின் நெற்றி, விரல் விசையில். அந்த உணர்ச்சிதான் பண்டம். அதற்காகத்தான் கப்பல் ஏறி வந்தார்கள்.

சாமுவேல் பேக்கர் அப்படி வந்தவர்களில் பெரிய பெயர். 1848இல் குடும்பத்தோடும் வேலையாட்களோடும் மாடுகளோடும் வேட்டை நாய்களோடும் நுவரெலியாவில் குடியேறினார். பண்ணை வைத்தார். மரையை நாய்களை விட்டுத் துரத்தி, கத்தியால் குத்திக் கொல்வது அவருக்குப் பிடித்த விளையாட்டு. 1854இலும் 1855இலும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். அவை இலண்டனில் நன்றாக விற்றன. இன்றைய பேச்சில் சொன்னால், இலங்கைச் சுற்றுலாவுக்குக் கிடைத்த முதல் விளம்பரங்களில் அவையும் சேரும். பின்னர் நைல் நதியின் தலைப்பைத் தேடிப்போய் உலகப் புகழ் அடைந்தார். ஹோட்டன் சமவெளியில் விழும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

அந்த வேட்டைகளில் கூடாரம் சுமந்தவர்கள், நாய்க்குச் சோறு வைத்தவர்கள், தடம் பார்த்தவர்கள், அடிபட்ட மரையைத் தூக்கி வந்தவர்கள் புத்தகங்களில் பெரும்பாலும் பெயரில்லாமலே வந்துபோகிறார்கள். அதே ஆண்டுகளில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த கோப்பித் தொழிலாளருக்கு யானையும் சிறுத்தையும் அனுபவப் பண்டமாக இருக்கவில்லை. வழியில் செத்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

செலவு வருமானமான கதை

இங்கே பொருளாதாரம் படிக்கிறவர்கள் உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு திருப்பம் இருக்கிறது. 1840களில் யானையைக் கொன்றால் அரசாங்கம் பணம் கொடுத்தது. தலைக்குச் சில ஷில்லிங். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்த கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் அந்தச் சன்மானம் கோரப்பட்டது.

1891இல் காற்று திரும்பியது. யானையும் எருமையும் மானும் சுட இனி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. நேற்றுவரை கொல்வதற்கு அரசு காசு கொடுத்த விலங்கு, இன்று கொல்ல விரும்புகிறவன் அரசுக்குக் காசு கட்ட வேண்டிய விலங்கானது. விலங்கு மாறவில்லை. எண்ணிக்கைதான் குறைந்திருந்தது. அரிதாகும்போது விலை ஏறும் என்பதைச் சந்தைக்குப் போகும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்களில் தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரருமே முக்கியமானவர்கள். காப்பாற்ற நினைத்தது சுடுவதற்கு மிச்சம் இருக்கட்டும் என்றுதான். அதே சங்கம் இன்று இலங்கையின் முதன்மையான வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகளில் ஒன்று. கடல் தாண்டினால் நீலகிரியிலும் இதே கதை: 1877இல் ஊட்டித் துரைமார் தொடங்கிய வேட்டைச் சங்கம்தான் அங்கே காட்டைக் காக்கும் அமைப்பாக உருமாறியது. சுட வந்தவர்களே காவலரான இந்த வரலாற்றைக் கேலி செய்வது சுலபம். ஆனால் காட்டுக்குப் பெறுமதி இருக்கிறது என்று சட்டத்தில் எழுத வைத்தவர்கள் அவர்களே என்பதை மறுக்க முடியாது.

மலையாற்றில் தூண்டில் போட நல்ல மீன் இல்லை என்று 1880களில் பிரித்தானியாவிலிருந்து ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். 1896இல் அதற்கொரு மீன்பிடிக் கழகமும் அமைந்தது. அனுபவம் இல்லாத இடத்தில் அனுபவத்தையே இறக்குமதி செய்தார்கள்!

பெட்டிச் செய்தி: வேட்டை முதல் சரணாலயம் வரை

1873 – ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை விற்காமல் விட்டுவைக்கும்படி தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை.
1876 – நுவரெலியா ஹில் கிளப் தொடக்கம். சுவர்களில் இன்றும் மரைத் தலைகள்.
1891 – யானை, எருமை, மான் வேட்டைக்குக் கட்டுப்பாடு.
1937 – தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில்.
1969 – ஹோட்டன் சமவெளி இயற்கை ஒதுக்கிடம்.
1988 – அதுவே தேசியப் பூங்காவாகிறது.
2010 – மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில்.

ஹோட்டன் சமவெளியில் இன்று யானை ஒன்றுகூட இல்லை.

ஒரு வாத்து என்ன விலை?

இதுவரை சொன்னதில் ரூபாய்க் கணக்கு வரவில்லை. வேட்டை அனுபவத்துக்கு விலை போடுவது எப்படி? கடையில் விற்காத பொருளுக்கு விலைச்சீட்டு கிடையாது. 1947இல் ஹரோல்ட் ஹோட்டெலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் தேசியப் பூங்காச் சேவைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு யோசனை சொன்னார்: ஓர் இடத்துக்கு வர மனிதர் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறார், எவ்வளவு செலவழிக்கிறார் என்று பாருங்கள், அந்த இடத்தின் பெறுமதி தெரிந்துவிடும். பயணச் செலவு முறை என்று இதற்குப் பெயர் வந்தது.

இன்னொரு வழி, நேரே கேட்டுவிடுவது. 1978இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ரிச்சர்ட் பிஷப், தோமஸ் ஹெபர்லைன் என்ற இருவர் சுவையான சோதனை ஒன்று செய்தார்கள். ஹொரிகன் பகுதியில் காட்டுவாத்து ஒன்றைச் சுட இலவச அனுமதி பெற்றிருந்தவர்களுக்கு 1 டொலரிலிருந்து 200 டொலர் வரை நிஜக் காசோலை அனுப்பினார்கள். காசோலையை வைத்துக்கொண்டால் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வேட்டைதான் வேண்டும் என்றால் காசோலையை அனுப்பிவிட வேண்டும். கணக்குப் பார்த்ததில் ஒரு வேட்டையின் பெறுமதி சராசரி 63 டொலர். வேறொரு குழுவிடம், அனுமதியை விட்டுக்கொடுக்க எவ்வளவு கேட்பீர்கள் என்று பேச்சளவில் கேட்டபோது 101 டொலர் என்றார்கள். மற்றொரு குழுவிடம், அனுமதியை வைத்துக்கொள்ள எவ்வளவு கொடுப்பீர்கள் என்றபோது 21 டொலர்தான்.

ஒரே வாத்து. கேள்வியைத் திருப்பிப்போட்டால் விலை ஐந்து மடங்கு வித்தியாசம். உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெறுமதி அமைகிறது. இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு மலையகத்துக்குத் திரும்புவோம்.

கமராவுக்கு வந்த காலம்

இலங்கையில் பொழுதுபோக்கு வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் துரைமார் தேடி வந்த அந்தச் சிலிர்ப்பு மலையகத்தை விட்டுப் போகவில்லை. துப்பாக்கிக்குப் பதில் நீண்ட லென்ஸ் வந்திருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் வேட்டை விடுதியாக இருந்த ஃபார் இன், இன்று பூங்காவுக்கு வருபவர்களை வரவேற்கும் நிலையம். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் துரைமாரின் பழைய பங்களாக்கள் 2005 முதல் சொகுசு விடுதிகளாக இயங்குகின்றன. ஓர் இரவுக்குப் பல நூறு டொலர்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய டன்கெல்ட் தோட்டத்தில் சிறுத்தை ஆய்வு நிலையமும் இருக்கிறது. ஆய்வாளர்கள் அஞ்சலி வொட்சன், அண்ட்ரூ கிட்டில் இருவரின் குழு மலை உச்சிக் காட்டுத் துண்டுகளிலும் ஓடை ஓரங்களிலும் கமரா கட்டிப் பார்த்ததில், தேயிலை நடுவே சிறுத்தைகள் நிரந்தரமாக வாழ்வது பதிவானது. பூங்காவிலிருந்து வழி தவறி வந்தவை என்று அவற்றை இனிச் சொல்ல முடியாது. தோட்டமே அவற்றின் வீடு.

லயத்தில் இருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கக் கமரா தேவைப்படவில்லை. நாய் காணாமல் போகும். கொழுந்து எடுக்கப் போன மலையில் உறுமல் கேட்கும். தேயிலைச் செடிக்கடியில் குட்டி கிடக்கும். கால்நடையாகப் போய்வரும் பிள்ளைகளை அந்தி விழுமுன் வீட்டுக்குள் அழைத்துக்கொள்வார்கள். சிறுத்தை தாக்கிக் காயப்பட்ட தொழிலாளர் டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்ட செய்தி பத்திரிகைக்குப் புதிதல்ல. கொழுந்து பறிக்காமல் கைவிட்ட மலைகள் பற்றைக்காடாகிப் போனதும் பன்றி பெருகியது, பன்றிக்குப் பின்னால் சிறுத்தையும் வந்தது என்பது தோட்டத்துப் பொதுப்பேச்சு.

இப்போது ஹோட்டெலிங்கின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். இலண்டனிலிருந்து பறந்து வந்து சிறுத்தை பார்க்கிறவருக்கு அது ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான அனுபவம். ஐம்பது யார் தள்ளி லயத்தில் இருக்கும் பெண்ணின் பயணச் செலவு பூச்சியம். ஆகவே கணக்கில் அவளுடைய பெறுமதியும் பூச்சியம். அவள் பங்குக்கு அந்தச் சிறுத்தை கொண்டுவருவது பயமும் இழப்பும் மட்டுமே. அதை எழுதும் கட்டம் அந்தக் கணக்கேட்டில் இல்லை. சிறுத்தையோடு சேர்ந்து வாழ உனக்கு என்ன தர வேண்டும் என்ற கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. விஸ்கொன்சின் வேட்டைக்காரனிடம் காசோலையோடு போய்க் கேட்டார்கள்.

கம்பியின் கணக்கு

பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி போதும், சுருக்கு தயார். பெரும்பாலும் காட்டுப்பன்றிக்குத்தான். உருளைக்கிழங்கும் கரட்டும் போட்ட பாத்தியைப் பன்றி ஓர் இரவில் உழுதுவிட்டுப் போகும். தோட்டச் சம்பளம் 2021இல் நாளுக்கு 1,000 ரூபாயாகி, 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபாயானது. இப்படிப்பட்ட சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு மரக்கறிப் பாத்தி பொழுதுபோக்கு அல்ல. மாட்டிய பன்றி இறைச்சியாகவும் ஆகிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டத்துறையில் சுமார் 32 வீதம். புரதம் எட்டாத வீட்டில் பன்றிக்கறி ஏன் மணக்கிறது என்று கேட்கத் தேவையில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான். எல்லாச் சுருக்கும் பசிக்காக வைத்ததல்ல. விற்பதற்காக வைப்பவர்களும் உண்டு. வாங்குகிறவர்களில் ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியா வந்து, குளிருக்கு இதமாகக் காட்டு இறைச்சி கிடைக்குமா என்று இரகசியமாக விசாரிக்கும் விருந்தாளிகளும் இருக்கிறார்கள். பழைய துரைமாரின் உல்லாசம் இப்படித் தட்டுக்கு வந்திருக்கிறது. பிடிபட்டால் பொலிஸுக்குப் போவது கம்பி கட்டியவன். தின்றவர் கொழும்புக்குத் திரும்பிவிடுவார்.

கம்பி ஆள் பார்க்காது. பன்றி வர வேண்டிய இடத்தில் சிறுத்தை வந்தால் தேசிய செய்தி. மரையும் கேளையாடும் வந்தால் செய்தியே இல்லை. முழுத் தீவிலும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருக்கையில், ஒவ்வொரு கம்பியும் சுற்றுலாத்துறையின் மூலதனத்தில் கை வைக்கிறது. விடுதி நடத்துகிற கம்பனிக்கு அது நட்டம், நாட்டுக்கும் நட்டம். கம்பி வைத்தவருக்கு அந்த நட்டத்தில் பங்கில்லை. ஏனென்றால் இலாபத்திலும் பங்கிருந்ததில்லை.

பெட்டிச் செய்தி: சுடுவதும் பார்ப்பதும்

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேட்டையாடியோர் 14 மில்லியனுக்குச் சற்று மேல், செலவு சுமார் 45 பில்லியன் டொலர். வனவிலங்குகளைப் பார்த்து ரசித்தோர் சுமார் 148 மில்லியன், செலவு சுமார் 250 பில்லியன் டொலர். தலைக்கணக்கில் வேட்டைக்காரர் ஏறக்குறைய இரட்டிப்பாகச் செலவழிக்கிறார். மொத்தத்தில் பார்க்க வருபவர்களே முந்துகிறார்கள்.

2014இல் நமீபியாவில் ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி அமெரிக்காவில் 350,000 டொலருக்கு ஏலம் போனது.

பாகிஸ்தானில் மார்க்கோர் காட்டாடு வேட்டை அனுமதிகள் ஒரு லட்சம் டொலருக்கு மேல் விலை போகின்றன. அதில் 80 வீதம் உள்ளூர் சமூகத்துக்கு.

கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. பொட்ஸ்வானா 2014இல் நிறுத்தி, 2019இல் மறுபடி திறந்தது.

அப்படியென்றால் வேட்டையைத் திறப்பதா?

வேண்டாம். இவ்வளவு சிறிய தீவில், இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில், இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் மலையில் துப்பாக்கிக்கு இடமில்லை. அனுமதிப்பத்திரம் யார் வீட்டு மேசையில் எப்படிக் கைமாறும் என்பதையும் நாம் அறிவோம்.

ஆனால் நமீபியாவிலும் பாகிஸ்தான் மலைகளிலும் சுடுவதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. 1996இல் நமீபியா தன் கிராம சமூகங்களுக்கு, தங்கள் நிலத்தில் உள்ள விலங்குகள் தரும் வருமானத்தின் மீது சட்டபூர்வ உரிமை கொடுத்தது. விலங்கு உயிரோடு இருந்தால் ஊருக்கு வருமானம் என்றானதும் ஊரே காவல் காத்தது.

மலையகத்தில் இது ஏன் நடக்கவில்லை? இங்கே நிலம் அரசினுடையது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில். இருநூறு ஆண்டுகளாக அந்த மண்ணில் உழைத்த சமூகம் இன்னும் 7 பேர்ச்சஸ் காணித் துண்டுக்காகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறது. குடியிருக்கும் லயக் காம்பராவே சொந்தமில்லாதவர்களுக்குக் காட்டு விலங்கின் மீது என்ன உரிமை வரும்? காணிப் பிரச்சினையும் சிறுத்தைப் பிரச்சினையும் வெவ்வேறு அமைச்சுகளின் மேசையில் கிடக்கின்றன. லயத்தில் அவை இரண்டும் ஒன்றே.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொருளியலாளர்கள் ரஞ்சித் பண்டாரவும் கிளெம் டிஸ்டெலும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கொழும்பு வாசிகள் யானையைக் காக்கத் தர விரும்பிய தொகை, யானையால் விவசாயிகள் படும் நட்டத்தை ஈடுசெய்யப் போதுமானது என்று கண்டார்கள். கொடுக்க மனமுள்ளவர் நகரத்தில் இருக்கிறார். நட்டப்படுகிறவர் காட்டோரத்தில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே பணம் போய்ச்சேர ஒரு வழியைத்தான் அரசாங்கம் இன்னும் போடவில்லை. சிறுத்தைக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

செய்ய வேண்டியது பெரிய தத்துவம் இல்லை. ஹோட்டன் சமவெளியில் வெளிநாட்டவர் டொலரில் கட்டும் நுழைவுக் கட்டணத்திலிருந்தும், சிறுத்தையைச் சொல்லி அறை விற்கும் விடுதிகளின் வருமானத்திலிருந்தும் ஒரு பங்கு, தோட்டவாரியாக மக்கள் கையாளும் நிதிக்குப் போக வேண்டும். நாயோ ஆடோ மாடோ போனால், பாத்தி அழிந்தால், ஆள் காயப்பட்டால் அந்த நிதியிலிருந்து மாதக்கணக்கில் அலையவிடாமல் பணம் கிடைக்க வேண்டும். மலையின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்த தோட்டத்து இளைஞர்களுக்கு வழிகாட்டி அனுமதிப்பத்திரம் கொடுத்துச் சம்பளத்துக்கு வைக்கலாம். பற்றையாகிப் போன மலைகளைத் துப்புரவு செய்வது கம்பனிகளின் குத்தகைப் பொறுப்பில் எழுதப்பட வேண்டும். சுருக்குக் கம்பி தேடி அகற்றும் வேலையும் கூலி வேலையாக வேண்டும். இலவச சிரமதானமாக அல்ல.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஏப்ரலில் நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ போகிறீர்கள் என்றால் காட்டு இறைச்சி கேட்காதீர்கள். யாராவது கொண்டுவந்து வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரைக் கேட்டு எடுங்கள். தங்கும் விடுதியில் பற்றுச்சீட்டைத் தரும்போது, இதில் லயத்துக்கு எவ்வளவு போகிறது என்று முகாமையாளரிடம் நேராகக் கேளுங்கள்.